வாங்கிப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பது கூடுமா?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் 'சூப்பர் பவுல்' எனப்படும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி நடைபெறும். அதற்கு முந்தைய வாரங்களில் மின்னணுப் பொருள் கடைகளில் பெரிய டிவிகளின் விற்பனை சூடு பிடிக்கும். போட்டி முடிந்த பிறகு அவற்றில் ஒரு பகுதி கடைக்கே திரும்பி வரும். "ஹாலுக்குப் பெரிதாக இருக்கிறது", "படம் தெளிவாக இல்லை", "வீட்டில் பிடிக்கவில்லை" என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லப்படும். உண்மைக் காரணம் கவுண்டரில் நிற்கும் ஊழியருக்கும் தெரியும். ஆனாலும் பில்லைச் சரிபார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுவார்.

"அது அவர்களுடைய பழக்கம், நமக்கென்ன?" என்று இதைக் கடந்துவிட முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் இது நடக்கிறது. தங்கையின் வலீமாவுக்காக விலையுயர்ந்த கேமரா ஒன்று வாங்கப்படும். ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்து தங்கும் இரண்டு மாதத்துக்கு அவர்கள் அறையில் ஒரு டிவி வைக்கப்படும். பிள்ளையின் கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு பிரிண்டர் வரும். வேலை முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். உம்ராவுக்கு எடுத்துச் சென்ற வீடியோ கேமராவை, திரும்பி வந்த வாரமே கடையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வதும் உண்டு!

இப்படிச் செய்பவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். இறைச்சி ஹலாலா என்று நான்கு முறை விசாரிப்பவர்கள். வட்டி வேண்டாம் என்று வாடகை வீட்டிலேயே இருப்பவர்கள். இதைப் பாவம் என்று தெரிந்தே அவர்கள் செய்வதில்லை, சாமர்த்தியம் என்றே நினைக்கிறார்கள். விருந்துகளில் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார்கள். ஆகவே, மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கடைக்காரர் ஏன் திருப்பி வாங்குகிறார்?

நம் ஊர்க் கடைகளில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தச் சூழலில் வளர்ந்துவிட்டு மேற்கு நாடுகளுக்குப் போகும் ஒருவருக்கு அங்குள்ள தாராளம் திகைப்பைத் தரும். குறையே இல்லாத பொருளை, "வேண்டாம்" என்ற ஒரே சொல்லுக்காகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

இது அமெரிக்காவில் சட்டம் போட்ட கடமை அன்று. குறையில்லாத பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. வாங்குவோர் தயக்கமின்றி வாங்க வேண்டும் என்பதற்காகக் கடைகள் தாமாக முன்வந்து கொடுக்கும் வாக்கு இது. 'வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், திருப்தி இல்லையென்றால் கொண்டு வாருங்கள்' என்பதே அதன் சாரம். பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட அவகாசமே தவிர, இலவச வாடகைக்காகக் கொடுக்கப்பட்டது அன்று.

அந்த வாக்கை மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சில நிறுவனங்களின் வரலாறே சான்று. காஸ்ட்கோ நிறுவனம் ஒரு காலத்தில் டிவிகளைக்கூடக் காலவரையறையின்றித் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. தட்டைத் திரை டிவிகளின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்த காலம் அது. பழைய டிவியைத் திருப்பிக் கொடுத்து, அன்று கொடுத்த முழு விலையையும் வாங்கி, அதைவிடப் பெரிய புதிய டிவியைக் குறைந்த விலைக்கு எடுத்துச் சென்றார்கள் பலர். 2007 பிப்ரவரியில் டிவி, கணினி, கேமரா, கைப்பேசி போன்றவற்றுக்கு 90 நாள் என்ற வரம்பைக் காஸ்ட்கோ கொண்டு வந்தது. மின்னணுப் பொருட்களில் மட்டும் இது நடக்கவில்லை. மலையேற்றச் சாமான்கள் விற்கும் ஆர்.இ.ஐ. தன் ஆயுட்கால வாக்கை 2013ல் ஓராண்டாகச் சுருக்கியது. எல்.எல். பீன் நிறுவனமும் 2018ல் அதையே செய்தது. பழைய துணிகள் விற்குமிடத்தில் மலிவாக எடுத்ததையெல்லாம் கொண்டு வந்து பணம் கேட்கிறார்கள் என்பது அதன் வருத்தம்.

இன்று பெஸ்ட் பை கடையில் சாதாரண வாடிக்கையாளருக்குப் பெரும்பாலான பொருட்களில் 15 நாட்கள்தாம். யார் எத்தனை முறை திருப்பிக் கொடுக்கிறார் என்று அடையாள அட்டையை வைத்துக் கணக்கு எடுத்துத் தரும் நிறுவனங்களும் வந்துவிட்டன. அளவுக்கு மீறித் திருப்பி அனுப்புவோரின் கணக்கை அமேசான் மூடிவிடுவதாக 2018ல் செய்திகள் வெளிவந்தன. சிலருடைய 'சாமர்த்தியத்துக்கு' எல்லாரும் கொடுத்த விலை இது. உண்மையிலேயே குறையுள்ள பொருளோடு வரும் ஒருவர் இன்று சந்தேகப் பார்வையைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே இணையம், தொலைபேசி வழியாக வாங்கிய பொருளைக் காரணம் எதுவும் சொல்லாமல் 14 நாட்களுக்குள் ரத்து செய்வது சட்டப்படியான உரிமை. பிரிட்டனிலும் அவ்வாறே. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. பொருளின் தன்மையையும் அது வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ளத் தேவையான அளவைத் தாண்டிப் பயன்படுத்தி, அதனால் மதிப்புக் குறைந்தால், அந்தக் குறைவுக்கு வாங்கியவரே பொறுப்பு. நம் ஃபிக்ஹு நூல்களைப் படித்தவருக்கு இந்த வரி எங்கோ கேட்டது போலத் தோன்றும்.

சேணத்தைக் கழற்றாதவர்

விற்ற பொருளைத் திருப்பும் உரிமைக்கு ஃபிக்ஹில் 'கியார்' என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. நமக்கு இங்கே தேவையானவை மூன்று.

முதலாவது, வாங்குபவரும் விற்பவரும் அந்த இடத்தைவிட்டுப் பிரியும் வரை உள்ள உரிமை. இருவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்திக்கொண்டால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியது இந்த உரிமையைச் சொல்லும் அதே ஹதீஸில்தான் (புகாரீ, முஸ்லிம்). விற்பவரை மட்டும் அல்ல, இருவரையும் சேர்த்தே அது பேசுகிறது.

இரண்டாவது, 'இத்தனை நாட்களுக்குள் வேண்டாம் என்றால் திருப்பிவிடுவேன்' என்று நிபந்தனை பேசிக்கொள்வது. இதற்கு ஷாஃபிஈ மத்ஹபிலும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்திலும் உச்ச வரம்பு மூன்று நாட்கள். அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும், ஹன்பலி மத்ஹபினரும், தவணை தெளிவாக இருந்தால் மூன்று நாட்களுக்கு மேலும் கூடும் என்கின்றனர். அப்படியானால் 15 நாள், 90 நாள் என்று அறிவிக்கும் இன்றைய கடைகளில் வாங்குவது செல்லுமா என்று ஒருவர் கேட்கலாம். செல்லும். தவணையை அனுமதிக்கும் கருத்தின்படி அதை நிபந்தனையாக எடுத்துக்கொள்ளலாம். அல்லது, விற்பனை முடிந்த பிறகு ஒருவர் வேண்டாம் என்று வந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரர் கொடுத்த வாக்காகக் கொள்ளலாம். இப்படி ரத்து செய்துகொடுப்பதற்கு 'இகாலா' என்று பெயர். அவ்வாறு செய்துகொடுப்பவரின் சறுக்கல்களை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. ஆகவே திருப்பிக் கொடுப்பது தன்னளவில் தவறே அல்ல. மனம் மாறுவது மனித இயல்பு.

மூன்றாவது, வாங்கும்போது தெரியாத குறை பின்னர் தெரியவந்தால் திருப்பும் உரிமை.

இந்த உரிமைகள் எப்போது கைநழுவிப் போகும் என்பதில் பழைய அறிஞர்கள் காட்டிய நுணுக்கம் வியப்பளிப்பது. அவர்கள் காலத்தில் டிவி இல்லை, வாகனப் பிராணி இருந்தது. தவணை பேசி வாங்கிய பிராணியின் நடையைச் சோதிப்பதற்காக ஒருவர் ஏறிப் பார்த்தால் அவருடைய உரிமை போகாது. தன் சொந்த வேலைக்காக ஏறிச் சென்றால், 'இது என்னுடையது' என்று அவர் ஏற்றுக்கொண்டதாகிவிடும், உரிமை முடிந்துவிடும் என்கின்றனர் ஹனஃபி அறிஞர்கள். ஷாஃபிஈ நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குறை இருப்பது தெரிந்த பிறகு அந்தப் பிராணியின் முதுகிலிருந்து சேணத்தைக் கழற்றாமல் விட்டாலே திருப்பும் உரிமை போய்விடும். முரட்டுப் பிராணி, ஓட்டியோ இழுத்தோ போக முடியாது, ஏறித்தான் கடைக்காரரிடம் கொண்டுபோக வேண்டும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

சோதித்துப் பார்ப்பதற்கும் வேலை வாங்கிக்கொள்வதற்கும் நடுவிலுள்ள கோடு இதுவே. கேமராவை வீட்டில் நான்கு படம் எடுத்துப் பார்ப்பது நடையைச் சோதிப்பது. வலீமா முழுவதையும் அதில் பிடித்துவிட்டு, மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு கேமராவைத் திருப்புவது, பயணம் முடித்துவிட்டுப் பிராணியைத் திருப்புவது.

கறந்த பாலுக்குப் பேரீச்சம்பழம்

இந்தப் பிரச்சினைக்கு மிக நெருக்கமான நபிமொழி ஒன்று இருக்கிறது. பால் தரும் ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன், சில நாட்கள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கச் செய்து, 'நிறையப் பால் தரும்' என்று நம்ப வைத்து விற்பார்கள். இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பிறகு விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். கூடவே ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும் என்று கூறினார்கள் (புகாரீ, முஸ்லிம்).

இதில் ஏமாற்றியவர் விற்றவர், ஏமாந்தவர் வாங்கியவர். அப்படியிருந்தும், வாங்கியவர் கறந்து குடித்த பாலுக்கு ஈடு கொடுக்கச் சொல்லப்படுகிறார்! ஹனஃபி மத்ஹபில் இந்த ஹதீஸைச் செயல்படுத்தும் விதத்தில் மாறுபட்ட கருத்து உண்டு. ஆயினும் அது தரும் பாடம் தெளிவானது. ஏமாற்றப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், யாரும் ஏமாற்றாதபோது, பாலைக் குடிப்பதற்காகவே ஆட்டை வாங்கி, குடித்து முடித்ததும் முழு விலையையும் திருப்பிக் கேட்பவரின் நிலை என்ன?

இதற்கு மறுபக்கமாக இன்னொரு நபிமொழியையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஒருவர் ஓர் அடிமையை வாங்கிச் சிறிது காலம் வேலை வாங்கிய பின் குறையைக் கண்டு திருப்பினார். அத்தனை நாள் செய்த வேலைக்கான வருமானத்தை விற்றவர் கேட்டபோது, பொறுப்பு யாருடையதோ வருமானமும் அவருடையதே என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). எனவே வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு லேப்டாப் வாங்கி, பத்து நாள் வேலை செய்து, பதினோராம் நாள் திரையில் கோடு விழுந்தது என்றால், தயங்காமல் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். பத்து நாள் வாடகையை எண்ணி மனம் உறுத்த வேண்டியதில்லை.

இந்த இரண்டாமவர் அந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்றிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாட்களில் அது தன் கையால் விழுந்து உடைந்திருந்தால் நஷ்டம் அவருடையது என்பதை அவர் ஏற்றிருந்தார். திருப்பிக் கொடுக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு வாங்குபவர் ஒரு நாளும் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. உடைந்தாலும் 'பெட்டியைத் திறக்கும்போதே இப்படித்தான் இருந்தது' என்று சொல்வதற்கு அவரிடம் வாசகம் தயாராக இருக்கும்.

"கடையே அனுமதிக்கிறதே!"

இதுவே எல்லாரும் சொல்லும் முதல் பதில். பாலிசியில் 'எந்தக் காரணத்துக்காகவும்' என்று எழுதியிருக்கிறது, நான் விதியை மீறவில்லையே என்பார்கள்.

வலீமா விருந்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்காரர் வந்து, "கூச்சப்படாம வேண்டிய மட்டும் சாப்பிடுங்க" என்கிறார். அவர் எல்லை எதுவும் சொல்லவில்லை. அதற்காக ஒருவர் கையோடு கொண்டு வந்த தூக்குச் சட்டியில் இரண்டு நாளுக்கான பிரியாணியை அள்ளிக்கொண்டு போனால், 'அவர்தானே அனுமதித்தார்' என்று நாம் சொல்வோமா? அனுமதி என்பது சொல்லில் மட்டும் இல்லை, எதற்காகச் சொல்லப்பட்டது என்பதிலும் இருக்கிறது. ஒருவரின் பொருள் மற்றவருக்கு ஹலாலாவது உரியவரின் மனப்பூர்வமான சம்மதத்தால்தான். வியாபாரத்தைப் பற்றிப் பேசும் இறைவசனமும் (4:29) இரு தரப்பின் மனப்பொருத்தத்தையே நிபந்தனையாக வைக்கிறது.

சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கவுண்டரில் போய், "என் தங்கை திருமணத்துக்காக இந்தக் கேமராவை வாங்கினேன், திருமணம் முடிந்துவிட்டது, இனி தேவையில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்ல முடியுமா? சொல்லி, அதற்கு அதிகாரம் உள்ளவர் "பரவாயில்லை" என்று வாங்கிக்கொண்டால், அது அவர் அறிந்து செய்த இகாலா. அவர் தாராளம், அவர் விருப்பம். ஆனாலும் அந்தத் தாராளத்தைக் கணக்குப் போட்டே அடுத்த முறையும் வாங்குவது ஒரு முஸ்லிமுக்கு அழகா என்பது வேறு கேள்வி. அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை, 'ஃபோகஸ் சரியில்லை' என்று கதை கட்ட வேண்டியிருக்கிறது என்றால், சம்மதம் இல்லை என்பது நமக்கே தெரிந்திருக்கிறது. பாவம் என்பது உள்ளத்தை உறுத்துவதும், பிறர் அறிந்துவிடுவதை நாம் வெறுப்பதும் ஆகும் என்ற நபிமொழி (முஸ்லிம்) இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது.

அந்தக் கவுண்டருக்கு நாம் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை, ஷாப்பிங் வண்டியில் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். நேற்று வரை அந்தக் கேமராவில் சிரித்துப் படமெடுத்துக்கொண்ட பிள்ளை, "இது வேலையே செய்யவில்லை" என்று அத்தா சொல்வதைக் கேட்கிறது. மதரஸாவில் உஸ்தாத் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு எதிரான பாடம் அங்கே இரண்டு நிமிடத்தில் நடந்து முடிகிறது.

"இவ்வளவு பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்?"

இன்னொரு பதில் இது. சிலர் ஒரு படி மேலே போய், 'அவர்கள் நம்மவர்களும் இல்லையே' என்பார்கள். வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், மனத்துக்குள் இருக்கும்.

எழுத்தறிவில்லாத இந்த மக்கள் விஷயத்தில் எங்கள் மீது குற்றம் பிடிக்கப்படாது என்று சொல்லி அடுத்தவர் பொருளைத் திருப்பித் தராமல் இருந்த வேதக்காரர்கள் சிலரைக் குர்ஆன் கண்டித்துப் பேசுகிறது (3:75). அதே வாதத்தை நாம் எடுத்துக்கொள்வது எப்படித் தகும்? மக்காவில் தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்களின் அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுவிட்டு நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டது நமக்குத் தெரிந்த வரலாறு. முஃகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்பதற்கு முன், உடன் பயணம் செய்தவர்களைக் கொன்று அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு வந்தார். 'உமது இஸ்லாத்தை ஏற்கிறேன், அந்தப் பொருளோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை' என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள் (புகாரீ). அந்தப் பொருள் இணைவைப்பாளர்களுடையது.

நஷ்டம் யாருக்கு என்பதையும் பார்ப்போம். பெட்டி பிரிக்கப்பட்ட ஒரு மின்னணுப் பொருளைப் புதியது என்று மீண்டும் விற்க முடியாது. யாராவது திறந்து, உதிரிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணி, போட்டுப் பார்த்து, முந்தியவரின் படங்களையும் கடவுச்சொற்களையும் அழித்து, 'திறந்த பெட்டி' என்று விலை குறைத்து வைக்க வேண்டும். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் மொத்தமாகக் கழிவு விலைக்குப் போகும். இந்தச் செலவு கடைசியில் அடுத்த வாடிக்கையாளருக்கான விலையில்தான் ஏறும். ஆக, நம் வீட்டில் ஒரு மாதம் ஓடிய டிவிக்கான வாடகையை முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கட்டுகிறது.

இந்தியாவில் இது இன்னும் நேரடியாக உறைக்கும். அமேசான், ஃப்ளிப்கார்ட் போன்ற தளங்களில் விற்பவர்களில் ஏராளமானோர் சிறு வியாபாரிகள். திரும்பி வரும் பொருளின் மதிப்புக் குறைவும், பல நேரங்களில் போக்குவரத்துச் செலவும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. பெட்டிக்குள் பழைய போனையோ சோப்புக் கட்டியையோ வைத்துத் திருப்பி அனுப்பும் மோசடி பெருகியதால்தான் கைப்பேசிகளுக்குப் 'பணம் திரும்பக் கிடையாது, மாற்றுப் பொருள் மட்டும்' என்பது அங்கே வழக்கமாகிப் போனது. வீட்டு வாசலிலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டி ஒப்படைக்கும் முறையும் இந்த அவநம்பிக்கையின் விளைவே.

தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்கிறது குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். புதிய பொருளை வாங்கிக்கொண்டு பழைய பொருளைக் கொடுத்து, முழுப் பணத்தையும் எண்ணி வாங்குவது, தராசில்லாமல் நடக்கும் அளவு மோசடி.

அன்றாடம் எழும் சில ஐயங்கள்

இரண்டு மாடல்களில் எது பொருந்தும் என்று தெரியவில்லை. இரண்டையும் வாங்கி வீட்டில் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பலாமா? பார்த்து முடிவெடுப்பதற்காகவே அந்த அவகாசம் இருப்பதால், சீக்கிரமாக, கவனமாகக் கையாண்டு திருப்புவதில் தவறில்லை. 'பிடித்தால் வைத்துக்கொள்வேன்' என்ற உண்மையான ஐயத்தோடு வாங்குவதும் அப்படியே. வாங்கும்போதே வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருப்பதுதான் பிரச்சினை.

வாங்கிய மறுவாரம் விலை குறைந்துவிட்டது. பழையதைத் திருப்பிவிட்டுப் புதிதாக வாங்கலாமா? அதற்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். பல கடைகள் குறிப்பிட்ட நாட்களுக்குள் விலை குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தருகின்றன. முதலில் கேட்டுப் பாருங்கள். புதிதாக ஒன்றை வாங்கி, அந்தப் புதிய பில்லோடு பழைய பொருளைத் திருப்புவது மட்டும் கூடவே கூடாது. அது வெறும் ஒழுக்கக் குறைவல்ல, திருட்டு.

போன் நம் கையிலிருந்து விழுந்தது. வெளியே தெரியவில்லை, உள்ளே ஏதோ பழுது. அதைச் சொல்லாமல் 'தானாக நின்றுவிட்டது' என்று வாரண்டியில் கொடுப்பது? நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியிடம், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன சம்பவம் (முஸ்லிம்) நினைவிருக்கும். திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் பொருளை ஒப்படைப்பவர் நாம். அடியில் நனைந்திருப்பதைச் சொல்ல வேண்டியவரும் நாமே.

உண்மையான குறை என்றால் மட்டும் பின்வாங்க வேண்டாம். 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருப்பதால் நம் ஊரில் பலர் குறையுள்ள பொருளையும் வைத்துக்கொண்டு புலம்புகிறார்கள். பழுதான பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது, இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

நம்மில் கைப்பேசிக் கடை, எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்போர் அதிகம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வந்த பொருளுக்குப் புது நெகிழித்தாள் சுற்றிப் 'புதுசு' என்று விற்பது அதே நனைந்த தானியம்தான். 'ஒருவர் திருப்பிக் கொடுத்தது, அதனால் இந்த விலை' என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது.

உண்மையிலேயே ஒரு பொருள் சில நாட்களுக்கு மட்டும்தான் தேவை என்றால் வழிகள் இருக்கின்றன. கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் பல பொது நூலகங்கள் புரொஜெக்டர் போன்றவற்றையும் உறுப்பினர்களுக்கு இரவல் தருகின்றன. பயன்படுத்திய பொருளை வாங்கி, வேலை முடிந்ததும் உள்ளதைச் சொல்லி விற்றுவிடலாம். அந்த வித்தியாசமே நாம் கொடுத்த வாடகை. ஜமாஅத்தில் கேட்டால் இரவல் தரும் குடும்பங்களும் இருக்கும்.

ஏற்கனவே செய்துவிட்டவர்கள்

இதைப் படிக்கும்போது பழைய பில்கள் சிலவற்றை நினைத்துக்கொண்டவர்கள் இருக்கலாம். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பதோடு இது முடிவதில்லை. இது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டது என்பதால், உரியவரிடம் சேர்ப்பதும் தவ்பாவின் பகுதி.

எவ்வளவு சேர்ப்பது? ஒருவரின் பொருளை உரிமையின்றிப் பயன்படுத்தினால், அத்தகைய பொருளுக்கு அந்தக் காலத்துக்கு வழக்கமாக என்ன வாடகையோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹில் உள்ள விதி. அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். கேமரா போன்றவற்றுக்குச் சந்தை வாடகை என்ன என்று இணையத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். நாமே உடைத்துவிட்டு, உடைந்தே வந்தது என்று சொல்லித் திருப்பிய பொருளுக்கு வாடகைக் கணக்குப் போதாது. குறைந்த மதிப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது? கடையின் மேலாளரிடம் நேரில் சொல்லிக் கொடுப்பது நேரான வழி. அவர் "விடுங்கள், வேண்டாம்" என்றால், அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்தால், விஷயம் அத்துடன் தீர்ந்தது. சொல்வதால் வேலைக்கோ விசாவுக்கோ சிக்கல் வரும் என்று அஞ்சுபவர் பெயர் குறிப்பிடாமல் அனுப்பலாம். பாவத்தை வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை, பொருள் போய்ச் சேர வேண்டும் என்பதே முக்கியம். அந்த மதிப்புக்குக் கடையில் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி, பிரிக்காமல் அதே அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வருவதும் ஒரு வழி. கடை மூடப்பட்டுவிட்டது, உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றால் மட்டும் அந்தத் தொகையை அவர்கள் சார்பில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது அறிஞர்கள் பலரின் வழிகாட்டல். கடை கண்ணெதிரே இருக்கும்போது பள்ளிவாசல் உண்டியலில் போட்டுக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது.

எத்தனை முறை, எந்தெந்தப் பொருள் என்று நினைவில்லாதவர்கள் பழைய கிரெடிட் கார்டு அறிக்கைகளைப் புரட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ரீஃபண்ட் வரவுகள் தனியாகவே அச்சாகியிருக்கும். அதற்கும் வழியில்லையென்றால், மனம் 'இதற்கு மேல் இருக்காது' என்று சொல்லும் அளவுக்குக் கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தொகை பெரிதாகி, ஒரே தடவையில் முடியாது என்றால் தவணையாகச் சேர்க்கலாம். கணவர் பெயரில் வாங்கி மனைவி திருப்பியது, மகன் கேட்டு அத்தா செய்தது போன்ற சிக்கல்களில் யார் எவ்வளவு பொறுப்பு என்பதை உள்ளூர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.